ஏற்றம் எத்தனை மீட்டர்?

ஆசிரியருக்கு,

மலையேற்றப் பாதைகள் பற்றிய கட்டுரை படித்தேன். 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளை எளிது, மிதமானது, கடினம் எனப் பிரித்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனாலும் கிலோமீட்டரைப் பார்த்தே கிளம்புகிறவர்கள்தான் அதிகம். சமவெளியில் தினமும் எட்டு கிலோமீட்டர் நடப்பவருக்கும் குரங்கணி ஏற்றத்தில் மூச்சு வாங்கும். மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர், வழியில் தண்ணீர் உண்டா என்பதையும் தூரத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கோடையில் பாதைகளை மூடினால் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். 2018 மார்ச்சில் அதே குரங்கணி மலையில் காட்டுத்தீ பலரைப் பலிகொண்டது. காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். ஏற்றத்தில் மனிதனால் அதை முந்த முடியாது.

கடலோர நடையை ஏனோ யாரும் பேசுவதில்லை. சென்னையில் 1988 முதல் ஒரு மாணவர் அமைப்பு, பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காக்க நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடக்கிறது. ஈர மணல் பரவாயில்லை, உலர்ந்த மணலில் கெண்டைக்கால் கடுத்துவிடும். ஓரடி உயரம்கூட ஏறாத அந்த நடையை 'எளிது' என்று எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

– ஒரு வாசகர், தேனி