எத்தனை ஔவையார்?

ஔவையார் என்றதும் நம் இல்லத்துக் குழந்தைகள் வரைந்து காட்டுவது திருநீறணிந்து கோலூன்றிய பாட்டியைத்தான். 1953ஆம் ஆண்டில் வெளிவந்த ஜெமினியின் திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் அக்கோலத்தை எல்லோர் மனத்திலும் நிலைநிறுத்திவிட்டார். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவரும் ஆத்திசூடி பாடியவரும் ஒருவரே என்று நாமும் சொல்லிக்கொடுத்து வருகிறோம்.

ஆராய்ச்சியாளர் இதனை ஒப்புவதில்லை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் பாடியவர் சங்க கால ஔவையாருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிற்பட்டவர். விநாயகர் அகவல் இயற்றியவர் வேறொருவர் என்பாரும் உளர். ஔவை என்பதற்குத் தாய், மூதாட்டி எனப் பொருள். கன்னடத்தார் தாயை 'அவ்வா' என்றழைப்பதைப் பெங்களூர் அன்பர்கள் கேட்டிருப்பர். மதிப்புக்குரிய அப்பெயர் பலருக்கு வழங்கியதில் வியப்பில்லை.

நாம் இழந்துவிட்டது சங்க கால ஔவையாரையே. அவர் பெயரால் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் பகைவேந்தன் ஒருவன் அவரை மைதீட்டிய கண்களையுடைய விறலியே என விளிக்கிறான். பாட்டியை அவ்வாறு விளிப்பாருண்டோ? அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவரும் அவரே. நெய் பூசி மாலை சூட்டிய படைக்கலங்களை அவன் பெருமையுடன் காட்ட, எம் அரசனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். போரே காணாத படை என்பதைப் புகழ்வதுபோல் அவன் அவையிலேயே கூறிய துணிவு அது!

அந்த அதியமானும் கற்பனையல்லன். அவன் பெயர் பொறித்த கல்வெட்டு 1981ஆம் ஆண்டில் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் கண்டறியப்பட்டது. நெல்லிக்கனிக் கதை சொல்லும் பெற்றோர் இத்தூதினையும் சேர்த்துச் சொல்ல வேண்டுகிறோம். அக்கதையில் மட்டும் கோலூன்றிய பாட்டி வேண்டா.