ஊருக்குப் போகும்போது கடல் தொட்டியை என்ன செய்வது?

வீட்டைப் பூட்டிக்கொண்டு நாலு நாள் ஊருக்குப் போவதென்றாலே நமக்கு எத்தனை ஏற்பாடு! பாலை நிறுத்தணும், காஸை மூடணும், துளசிக்குத் தண்ணீர் விட ஆள் பார்க்கணும். வீட்டில் கடல் மீன் தொட்டியும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். துளசி வாடினால் மறுபடி துளிர்க்கும். தொட்டிக்குள் இருப்பவை எங்கே போகும்? நாம் அடைத்து வைத்த தண்ணீர்தான் அவற்றுக்கு உலகம்.

"மகனுக்கு ஆசை என்று கடல் தொட்டி வைத்தோம். ஒரு மாசம் வெளியூர் போக வேண்டியிருக்கிறது, கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவசரப்பட வேண்டாம் அம்மா. 2024-ஆம் வருஷம் ஏப்ரல் கடைசியில் என் மாமியாருக்கு இரண்டு காலிலும் மூட்டு மாற்று ஆபரேஷன். நானும் வீட்டுக்காரரும் பாளையங்கோட்டையில் 42 நாள் தங்க வேண்டியதாயிற்று. மகன் காலேஜ் ஹாஸ்டலில். பெரம்பூர் வீடு பூட்டிக் கிடந்தது, அதுவும் கத்திரி வெயிலில். அப்போது செய்த ஏற்பாடுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தொட்டி 4 அடி நீளம். கீழே அலமாரிக்குள் இருக்கும் வடிகட்டித் தொட்டியையும் சேர்த்துச் சுமார் 250 லிட்டர் தண்ணீர். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு நீல டாம்சல், ஒரு இறால், நாலைந்து நத்தை, சங்கு நண்டுகள். பவளத்தில், தோல் பவளம், காளான் பவளம் என்று கடைக்காரர்கள் சொல்லும் மெத்தென்ற ஜாதி மட்டும். பாறை கட்டுகிற கல் பவளங்களை எல்லாம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கடலிலிருந்து எடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். யாராவது ரகசியமாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோமாளி மீனுக்கு அந்தக் கவலை இல்லை. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பண்ணைக் குஞ்சா என்று கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் குறையும், உப்பு குறையாது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ரசம் கொதித்துச் சுண்டினால் கரிக்கிறதல்லவா? அதே கதைதான். தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. எங்கள் தொட்டியில் கோடையில் தினமும் 3 லிட்டர் ஆவியாகிறது. பத்து நாள் விட்டால் 30 லிட்டர் போய், உப்பு கிட்டத்தட்ட 40 கிராமுக்கு ஏறிவிடும். மீன் தாங்கினாலும் பவளமும் இறாலும் தாங்காது.

ஆகவே குறைவதை ஈடுசெய்ய நல்ல தண்ணீர்தான் விடணும், உப்புத் தண்ணீர் விடக் கூடாது. அதுவும் ஆர்.ஓ. தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். இப்போது தாமிரச் சத்து சேர்க்கும் ஆர்.ஓ. மெஷின்கள் வந்திருக்கின்றன. குடிக்க எப்படியோ, தொட்டிக்கு அது ஆகாது. செப்புக் குடத்துத் தண்ணீரும் கூடாது. கொஞ்சம் செம்பு கலந்தாலும் இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும்.

தினமும் யார் வந்து ஊற்றுவது? மொட்டை மாடித் தண்ணீர் டாங்கில் இருக்கும் மிதவை வால்வு மாதிரியே சின்னதாக மீன் கடையில் கிடைக்கிறது. அதை வடிகட்டித் தொட்டியில் பொருத்தி, உயரத்தில் ஒரு கேன் வைத்து, டியூபால் இணைத்துவிட்டோம். மட்டம் இறங்கினால் தானாகத் தண்ணீர் வரும்.

கேன் 25 லிட்டருக்கு மேல் வேண்டாம். பெரிதாக வைத்தால் அடிக்கடி நிரப்ப வேண்டாமே என்று தோன்றும். ஆனால் வால்வு என்றைக்காவது சிக்கிக்கொண்டால் கேனில் உள்ளது அத்தனையும் இறங்கிவிடும். 25 லிட்டர் இறங்கினால் உப்பு 32 கிராமுக்குக் குறையும், சமாளிக்கலாம். 100 லிட்டர் இறங்கினால் சமாளிக்க முடியாது, கூடமும் நனைந்துவிடும். வீட்டுக் குழாயோடு நேராக இணைக்கவே கூடாது. 25 லிட்டர் கேன் எட்டு நாள் தாங்கும். வாரம் ஒரு தரம் நிரப்பினால் போதும்.

சூடு

பவளத்தின் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது சமைக்கும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் பிழைக்கிறது. வழக்கமான சூட்டைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, வாரக் கணக்கில் நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப் போகும். மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 கோடைகளில் இப்படிப் பவளப் பாறைகள் வெளுத்தன. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்தக் கதி என்றால் நம் கண்ணாடிப் பெட்டி எம்மாத்திரம்!

25-லிருந்து 27 டிகிரி வரை நல்லது. சில்லர் மெஷின் வாங்க எல்லாராலும் முடியாது. எங்களிடமும் இல்லை. தண்ணீர் மேல் படும்படி இரண்டு சின்ன ஃபேன் வைத்து, சூடு ஏறினால் மட்டும் ஓடும்படி தெர்மோஸ்டாட் போட்டிருக்கிறோம். இதுவே இரண்டு மூன்று டிகிரி குறைத்துவிடும். ஈரத் துணி சுற்றிய பானை குளிர்வது போலத்தான். ஃபேன் ஓடினால் தண்ணீர் அதிகம் ஆவியாகும், அதனால்தான் கேன் ஏற்பாட்டை முதலில் சொன்னேன். பூட்டிய வீடு அடுப்பு மாதிரி. கொசுவலை போட்ட ஜன்னல் ஒன்றைத் திறந்து வைத்து, வெயில் வரும் பக்கம் திரையை இழுத்துவிடுங்கள்.

இன்னொரு கை வைத்தியமும் உண்டு. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி, நன்றாக மூடி, ஃப்ரீஸரில் உறைய வைத்துவிட்டுப் போங்கள். வெளியே கழுவிவிட்டு ஒன்றை வடிகட்டித் தொட்டியில் மிதக்க விடலாம். 250 லிட்டரில் ஒரு பாட்டில் உருகினால் அரை டிகிரிகூட இறங்காது. ஆகையால் திடீர்க் குளிர் என்ற பயம் வேண்டாம். அவசரத்துக்கு இரண்டு மூன்று வைக்கலாம்.

கரண்ட் போனால்

மீன் பட்டினியால் சாக நாளாகும், மூச்சு முட்டிச் சாகச் சில மணி நேரம் போதும். வெதுவெதுப்பான நீரில் பிராண வாயு குறைவாகத்தான் கரையும், உப்பு நீரில் இன்னும் குறைவு. எனவே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கணும்.

ஊருக்குப் போகுமுன் இன்வெர்ட்டரில் வீட்டு லைட், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தொட்டியின் மோட்டார், அலை உண்டாக்கும் பம்பு, சின்ன ஃபேன்கள் இவை மட்டும் ஓடும்படி செய்தோம். எல்லாம் சேர்ந்து 50 வாட்டுக்குள்தான். 150 ஏ.ஹெச். பாட்டரி ராத்திரி முழுக்கத் தாங்கும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள், கரண்ட் போனதும் தானே ஓடத் தொடங்கும் பாட்டரி ஏர் பம்பு ஒன்றாவது வாங்கி மாட்டுங்கள். கொளத்தூர் வண்ண மீன் கடைத் தெருவில் கிடைக்கும்.

ஒரு சோதனை அவசியம். மெயின் சுவிட்சை நீங்களே அணைத்துப் பாருங்கள். மோட்டார் நின்றதும் மேல் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கீழே வடியும். அதற்குக் கீழ்த் தொட்டியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தீனி

தொட்டிகள் கெடுவது பெரும்பாலும் பட்டினியால் இல்லை, அன்பால்தான்! பார்த்துக்கொள்பவர் "பாவம், வாயைத் திறந்து திறந்து மூடுதே" என்று அள்ளிப் போட்டுவிடுவார். தின்னாத தீனி அழுகி அம்மோனியா ஆகும். மீனுக்கு அது விஷம்.

மாமியாருக்கு மாத்திரை போட்டு வைக்கும் ஏழு அறை டப்பா இருக்கிறதே, அதே போல ஆறு டப்பா வாங்கினேன். 42 அறை, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை குருணைத் தீனி. மிச்சத் தீனியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஆரோக்கியமான மீன் நாலைந்து நாள் சாப்பிடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டு பங்கு போடக் கூடாது. தானியங்கித் தீனிப் பெட்டி உண்டுதான், ஆனால் தொட்டியிலிருந்து எழும் ஈரத்தில் குருணை கட்டி தட்டி அடைத்துக்கொள்ளும். ஒரு வாரப் பயணத்துக்குச் சரி, ஒன்றரை மாசத்துக்கு நம்ப முடியாது.

லைட்டுக்கு டைமர் போட்டு, ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வைத்துவிட்டோம்.

சாவி யாரிடம்?

எவ்வளவு மெஷின் இருந்தாலும் மனுஷர் கண் ஒன்று வேணும். மாடி வீட்டு அக்காவின் மகள் ஒன்பதாம் வகுப்பு. நிதானமான பெண். மூன்று வாரம் முன்பே தினமும் கூப்பிட்டு, என் எதிரில் அவளையே எல்லாம் செய்யச் சொன்னேன். கீழ்த் தொட்டியின் வெளிப்புறத்தில் நகப் பூச்சால் ஒரு கோடு போட்டேன். "தண்ணீர் இந்தக் கோட்டில் இருந்தால் சரி. இறங்கினா போன் பண்ணு." தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியது இவ்வளவுதான்:

தினமும்: ஒரு அறைத் தீனி. மீன்களை எண்ணு. தெர்மாமீட்டரைப் படம் எடுத்து அனுப்பு.

வாரம் ஒரு நாள்: கேனை நிரப்பு. நுரை எடுக்கும் ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவு.

கூடாதவை: கொசு மருந்து அடிக்கக் கூடாது (இறாலுக்கு எமன்). எண்ணெய், சோப்பு, கிரீம் பட்ட கையை விடக் கூடாது. என்னைக் கேட்காமல் எந்த மருந்தும் ஊற்றக் கூடாது.

இருபத்து மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணிக்குப் போன். "ஆன்ட்டி, தெருவுல டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சு, எப்ப வரும்னு தெரியலை." ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு கேட்டேன், "தண்ணி ஓடுதா பாரு கண்ணு." "ஓடுது ஆன்ட்டி." "அப்ப போய்த் தூங்கு. நாளைக்குக் காலையில தீனி போடாதே." காலை ஏழு மணிக்குத்தான் கரண்ட் வந்தது. மீன்கள் எண்ணிக்கை சரியாக இருந்தது.

நாலு நாள் கழித்து, "தோல் பவளம் சுருங்கிப் போச்சு, செத்துடுச்சு போல" என்று அழாத குறை. அது பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி அவ்வப்போது மெழுகு போன்ற தோலை உரிக்கும். சில நாள் வாடி நிற்கும். நாற்றம் அடிக்கிறதா என்று மட்டும் கேட்டேன், இல்லை என்றாள். ஐந்தாம் நாள் விரிந்துவிட்டது. உங்கள் தொட்டியில் இப்படி பயமுறுத்தும் ஆசாமி இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடல் அனிமோன் வைத்திருப்பவர்கள் கூடுதல் ஜாக்கிரதை. அது இடம் நகர்ந்து பம்பில் மாட்டிச் செத்தால் தொட்டி முழுக்க விஷமாகும். பம்பு வாயில் வலையோ ஸ்பாஞ்சோ கட்டுங்கள்.

கிளம்பும் முன்னும் வந்த பின்னும்

கடைசி இரண்டு வாரத்தில் புது மீனோ புது மெஷினோ சேர்க்காதீர்கள். புதிது எதுவானாலும் கோளாறு நாம் போன பிறகுதான் தெரியும். கிளம்ப நாலு நாள் முன்பு பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அதற்கு மீன் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேணும், சமையல் உப்பு ஆகாது.

திரும்பி வந்தபோது கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. நத்தை ஒன்றைக் காணோம், அதன் கூட்டுக்குள் சங்கு நண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மற்ற எல்லாம் நலம். வந்த வேகத்தில் மொத்தமாகக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். 25 லிட்டர் மாற்றி, ஒரு வாரம் விட்டு இன்னொரு 25 லிட்டர். அது போதும்.

கோமாளி மீன் ஜோடியில் பெரியது பெண். அது செத்துப்போனால் ஆண் மீனே மெல்ல மெல்லப் பெண்ணாக மாறிவிடும்! பத்து வருஷத்துக்கு மேலும் வாழக்கூடியது. ஆகவே வாங்கும்போதே யோசியுங்கள். சாவி கொடுக்க நம்பிக்கையான ஒரு வீடு பக்கத்தில் இல்லையென்றால், அடிக்கடி வெளியூர் போகும் குடும்பமென்றால், கடல் தொட்டி வேண்டாம். பிள்ளைகளை மீன் காட்சிக்கு அழைத்துப் போங்கள், அதுவும் சந்தோஷம்தான். நல்ல தண்ணீர் மீன் வைத்திருப்பவர்களுக்கு உப்புக் கணக்கு மட்டும் இல்லை. தீனி, கரண்ட், சாவி மூன்றும் அவர்களுக்கும் இதேதான்.

கேட்ட சகோதரிக்கு ஒன்று. முதலில் மூன்று நாள் பயணம் ஒன்று போய்ப் பாருங்கள். எது தடுக்குகிறது என்று தெரிந்துவிடும். அதைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாக ஒரு மாசம் போய் வாருங்கள்.