குழாயின் திறப்பு யார் கையில்?



லயத்துப் பொதுக் குழாயில் தொங்கும் ஆமைப்பூட்டு இறுகிவிட்டது, திறப்பு திரும்பவில்லை, என்ன செய்வது? கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களில் அங்கத்தவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பூட்டு சின்னதுதான். ஆனால் அது திறக்காத நாளில் பெண்கள் பெரட்டுக்குப் பிந்துகிறார்கள், அரைநாட் சம்பளம் போகிறது. குடம் தூக்கிய பிள்ளைகள் முதலாம் பாடம் முடிந்த பிறகே வகுப்புக்கு வருகிறார்கள்.

வாவிக்கரையில் பூட்டு இறுகுவதில் வியப்பில்லை. உப்புக் காற்று பித்தளை உடலை அதிகம் தொடாது. உள்ளே இருக்கும் இரும்புச் சுருளையும் வளையத்தையும் தின்றுவிடும். திறப்புத் துவாரத்தில் மணலும் சேரும்.

பூட்டில் கை வைக்குமுன் தோட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள், பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். இது மிக முக்கியம். அறிவிக்காமல் உடைத்தால் “தோட்டச் சொத்துக்குச் சேதம்” என்று விசாரணை வரும். தண்ணீர்ப் பிரச்சினை மறைந்து, உடைத்தவரின் வேலைப் பிரச்சினையாக அது மாறிவிடும்.

அனுமதி கிடைத்ததும் முதலில் மேல்வால்வை மூடுங்கள். துவாரத்தை ஊதித் துடைத்து, துரு இளக்கும் எண்ணெயோ சில துளி மண்ணெண்ணெயோ விட்டு ஓர் இரவு விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது தூசியைப் பிடித்துப் பிசினாகும். மறுநாள் பூட்டின் பக்கத்தில் மரத்துண்டால் மெதுவாகத் தட்டி, திறப்பை இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். பலத்தைக் காட்டினால் திறப்பு உள்ளேயே முறியும்.

அப்படியும் வழிவிடாவிட்டால் இரும்பறுக்கும் வாளால் பூட்டின் வளையத்தை அறுக்க வேண்டியதுதான். ஒருவர் குழாயை அசையாமல் பிடித்துக்கொள்ள மற்றவர் அறுக்கட்டும். சுத்தியலால் அடித்தால் பூட்டுக்கு முன் பிவிசி பைப் உடையும், லயம் முழுவதற்கும் தண்ணீர் நிற்கும். நெருப்புக் காட்டவே கூடாது. வேலை முடிந்ததும் குழாயைக் கழுவி, எண்ணெய் வாடை போகும்வரை தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு குடம் பிடியுங்கள். புதுப்பூட்டு போட்டால் துவாரத்தின் மேல் ரியூப் துண்டொன்றை மூடியாகக் கட்டுங்கள், திறப்பில் பென்சில் கரித்தூள் தடவுங்கள்.

ஆனால், பூட்டு எதற்கு? தாங்கி வெறுமையாகிறது, குழாயைத் திறந்தபடி விட்டுப் போகிறார்கள் என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. அப்படி நடப்பதும் உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தேய்ந்த வாசரைப் பூட்டு திருத்தாது, சிறிய தாங்கியைப் பெருப்பிக்காது.

இந்த மண்ணுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் கிணறுகள் உவர்த்துப் போயின. உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகருக்கு வருகிறது. அந்தக் குளத்தை அண்டிய படுவான்கரை மக்களோ தங்களுக்கும் குடிநீர் கேட்டு வீதியில் இறங்க வேண்டியிருந்தது.

எழுத்தில் கிடைத்த உரிமை தானாகக் கைக்கு வராது. இந்தியாவின் மகாட் நகரசபை சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக 1924இல் தீர்மானித்தது. தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்கள் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்க, 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் அவர்களை அழைத்துக்கொண்டு குளத்தில் இறங்க வேண்டியிருந்தது. வழக்கு முடிய 1937 ஆனது. 2010 ஜூலை 28 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லீற்றர் வேண்டும், தண்ணீர் எடுத்துவர 30 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்பது அந்த உரிமைக்குச் சொல்லப்படும் அளவு. உங்கள் லயத்தில் எத்தனை லீற்றர், எத்தனை நிமிடம்? ஒரு கிழமைக்குக் கொப்பியில் குறித்து வையுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் அந்தக் கொப்பிதான் பேசும்.

நாம் கேட்பது இவை:

பெரட்டுக்கு முன்னும் வேலை விட்ட பின்னும் குழாய் திறந்திருக்க வேண்டும்.

பூட்டு அவசியமென்றால் இரண்டு திறப்புகள் வேண்டும். ஒன்று அலுவலகத்தில், மற்றது லயத்துப் பெண்கள் தெரிவுசெய்யும் ஒருவரிடம்.

வாசர், வால்வு, தாங்கி ஆகியவற்றைக் கோடைக்கு முன் நிர்வாகம் திருத்த வேண்டும்.

தண்ணீரை வீணாக்காமல் பார்ப்பது நம் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்கிறோம், ஆகவே திறப்பையும் கேட்கிறோம். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கொப்பியோடு வாருங்கள்.