காற்றுக்குப் பூட்டு!



காற்றிலே வருகிறது. காசு கேட்பதில்லை. கம்பி ஒன்று போதும், கூடத்திலே வந்து காட்சியாக நிற்கிறது! அமெரிக்க நாட்டிலே இதைக் கேள்விப்பட்ட இளைஞர்களில் சிலர், "இது சட்டப்படி சரிதானா?" என்று கேட்டார்களாம். மாதந்தோறும் கேபிள்காரனுக்கும், இணைய நிறுவனத்துக்கும், ஒன்றல்ல இரண்டல்ல, நாலைந்து சந்தாக்களுக்கும் பணம் கட்டிக் கட்டிப் பழகியவர்கள் அவர்கள். இலவசமாக ஒன்று கிடைக்கிறதென்றால் அது திருட்டாகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணுகிற நிலைமைக்கு வந்துவிட்டார்கள். திருட்டுமல்ல, தந்திரமுமல்ல. அவர்களுடைய சொத்தை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சொத்துக்குத்தான் இப்போது பூட்டுத் தயாராகிறது. அதைப்பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலிலே கம்பியைப் பார்ப்போம். நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவன், பொறியியல் படித்தவனல்ல. ஆனாலும் இது எவருக்கும் புரியக்கூடிய கணக்கு. வினாடிக்கு 60 கோடி முறை அதிர்கிற அலையின் நீளம் அரை மீட்டர். அதைப் பிடிக்க அதிலே பாதி நீளமுள்ள கம்பி வேண்டும். கால் மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண்! ஒரு சாண் வயிற்றுக்காக நாளெல்லாம் உழைத்து வருகிறவனுக்கு, மாலையிலே செய்தியும் பந்தாட்டமும் காட்ட ஒரு சாண் கம்பி போதுமென்று இயற்கையே ஏற்பாடு செய்திருக்கிறது. அங்கே 14 முதல் 36 வரையுள்ள அலைவரிசைகளுக்கு இந்த அளவு. 7 முதல் 13 வரையுள்ளவற்றுக்கு இன்னும் நீளம் வேண்டும். அதற்குத்தான் முயல் காது போல இரண்டு குச்சிகளை இழுத்து விரிக்கிறார்கள்.

கடைக்காரன் "உயர் துல்லியத்துக்கென்றே செய்த ஆன்டெனா" என்று விலை ஏற்றிச் சொல்வான். நம்பவேண்டாம். அலைக்கு அது பழைய கம்பியா புதிய கம்பியா என்று தெரியாது. இருபது முப்பது டாலரிலேயே நல்லது கிடைக்கிறது. அதை டி.வி. பெட்டிக்குப் பின்னாலே ஒளித்து வைக்காமல், கோபுரம் இருக்கும் திக்கை நோக்கிய சன்னலோரத்திலே, கூடியமட்டும் உயரத்திலே வைக்கவேண்டும். இரும்பு அலமாரி, உலோகத் தாள் ஒட்டிய சுவர், வெயில் தடுக்கும் பூச்சுக் கண்ணாடி இவையெல்லாம் அலைக்குப் பகை. கூடவே விற்கிற பெருக்கிப் பெட்டியும் எல்லா நோய்க்கும் மருந்தல்ல. சமிக்ஞை பழுதாக வந்தால் பழுதையும் சேர்த்தே அது பெருக்கும். வைத்தபிறகு பெட்டியிலே ஒருமுறை அலைவரிசைகளைத் தேடச் செய்துவிட்டால் வேலை முடிந்தது.

அந்தக் காலத்து ஒளிபரப்பிலே படம் மங்கும், புள்ளி விழும், ஆனாலும் ஆள் தெரியும். 2009 ஜூன் 12ஆம் நாள் அமெரிக்காவின் பெருநிலையங்கள் பழைய முறையை நிறுத்தி, எண்முறைக்கு மாறின. இந்த முறையிலே வந்தால் பளிங்கு போல வரும். இல்லையென்றால் ஒன்றுமே வராது. அந்த மாற்றத்தின்போது பழைய பெட்டி வைத்திருந்த ஏழைகள் கைவிடப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மாற்றுக்கருவி வாங்க, 40 டாலர் மதிப்புள்ள சீட்டுகளை, வீட்டுக்கு இரண்டு என்று அரசே கொடுத்தது. நல்லதைச் செய்தவன் எவனாயினும் சொல்லிவிடுவோம்.

சரி, காற்று யாருடையது? 1934ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. நிலையத்துக்குத் தரப்படுவது உரிமம் மட்டுமே, உடைமை அல்ல. பொதுநலனுக்கு உழைக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. குத்தகைக்காரன் நிலத்துக்குச் சொந்தக்காரனல்ல என்பது போல!

ஆனால் குத்தகைக்காரர் பெற்ற வாழ்வைப் பாருங்கள். செல்பேசிக்கு அலை போதவில்லை என்று 2016, 2017 ஆண்டுகளில் தொலைக்காட்சி அலைகளை ஏலம் விட்டார்கள். வந்த தொகை 1,980 கோடி டாலர். அதிலே ஆயிரம் கோடிக்கு மேல், அலையைத் திருப்பிக் கொடுத்த நிலையங்களுக்கே போய்ச் சேர்ந்தது! பெரும்பாலோர் ஏலமில்லாமல் பெற்ற உரிமம். ஊரார் நிலத்தை ஊராருக்குத் திருப்பித் தர ஊராரிடமே பணம்! எந்தக் கணக்குப்பிள்ளை எழுதிய கணக்கோ!

கேபிளின் கதை இன்னும் வேடிக்கை. 1948 வாக்கிலே பென்சில்வேனியா, ஓரிகான் மலையூர்களிலே அலை எட்டவில்லை. மேட்டிலே ஒரு பொது ஆன்டெனா நட்டு, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். ஆன்டெனாவுக்குத் துணையாகப் பிறந்த பிள்ளை அது. பிள்ளை வளர்ந்து தாயையே வீட்டைவிட்டுத் துரத்தியது. 1992ஆம் ஆண்டுச் சட்டம், கேபிள்காரரிடம் கட்டணம் பேசும் உரிமையை நிலையங்களுக்கு வழங்கிற்று. கேபிள்காரர் அந்தக் கட்டணத்தை வீட்டுக்காரர் தலையிலே வைத்தார். காற்றிலே இனாமாக வருகிற அதே நிகழ்ச்சிக்கு, கம்பியிலே வரும்போது கூலி! ஆன்டெனா வைத்த வீட்டிலிருந்து நிலையத்துக்கு விளம்பர வருவாய் மட்டுந்தான், கேபிள் வீட்டிலிருந்தோ இரண்டும் வரும். ஒளிபரப்பு முதலாளிகளுக்கு அந்த ஒரு சாண் கம்பிமீது ஏன் பாசமில்லை என்பது இப்போது விளங்குகிறதா?

2012இலே ஏரியோ என்றொரு நிறுவனம் நியூயார்க்கிலே வந்தது. காசளவே உள்ள குட்டி ஆன்டெனாக்களை ஓரிடத்திலே வைத்து, ஆளுக்கொன்று வாடகைக்கு விட்டு, படத்தை இணையவழி அனுப்பிற்று. முதலாளிகள் வழக்குத் தொடுத்தனர். 2014 ஜூன் 25இல், அது பதிப்புரிமை மீறலே என்று உச்சநீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகள் சொன்னார்கள், மூவர் மறுத்தார்கள். அந்த ஆண்டு முடியுமுன் நிறுவனம் திவாலாயிற்று. ஏரியோவும் தருமம் செய்ய வந்ததல்ல, வாடகை வாங்க வந்ததுதான். ஆகவே அதற்காக நான் கண்ணீர் விடவில்லை.

அமெரிக்காக்காரன் ஆன்டெனாவைப்பற்றி நமக்கென்ன என்று கேட்கலாம். ஓட்டின்மேல் ஏறி நின்று, "வருதா? வருதா?" என்று கீழே பார்த்துக் கத்தி, கொடைக்கானல் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பியவர்களல்லவா நாம்? தென்மாவட்டத்து வீடுகளிலே இலங்கை ரூபவாகினியும் இப்படித்தானே வந்தது! கிரிக்கெட் பந்தய ஒளிபரப்பைப்பற்றிய வழக்கொன்றிலே, அலைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் இந்திய உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டிலே இருக்கிறது. தூர்தர்ஷனின் பழைய தரைவழிக் கோபுரங்களில் மிகப் பலவற்றின் ஒளிபரப்பு 2021, 2022 ஆண்டுகளோடு நின்றுவிட்டது. பழைய முறை, பார்ப்பாரில்லை, மின்சாரம் மிச்சம் என்றார்கள். பொய்யென்று சொல்லமாட்டேன். மாதக் கட்டணமில்லாத தட்டுச் சேவையும் இருக்கிறது. ஆனால் அதற்குத் திறந்த வானமும் மொட்டைமாடியும் வேண்டுமே! ஒண்டுக்குடித்தனக்காரன் எங்கே போவான்? இங்கே பூட்டுப் போடவில்லை, விளக்கையே அணைத்துவிட்டார்கள்.

அங்கே நடப்பது பூட்டு. ஏ.டி.எஸ்.சி. 3.0 என்ற புதிய ஒளிபரப்பு முறைக்கு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2017 நவம்பரில் இசைவளித்தது. முறையைக் குறைசொல்வதற்கில்லை. படம் துல்லியம், வீட்டுக்குள் வைத்த ஆன்டெனாவுக்கும் நன்றாக எட்டும் என்கிறார்கள். பழைய முறையிலும் கூடவே ஒளிபரப்பவேண்டும் என்று காப்பும் வைத்தார்கள். ஆனால் 2023 முதல் பல நிலையங்கள் புதிய அலையைக் குறியீட்டுப் பூட்டுப் போட்டு அனுப்புகின்றன. கட்டணம் கேட்கவில்லை. திருட்டைத் தடுக்கத்தான் என்கிறார்கள். கட்டணம் கேட்காதவனுக்குக் கதவிலே பூட்டு எதற்கு? பூட்டு இருந்தால் திறவுகோல் ஒருவர் கையிலே இருக்கும். எந்தக் கருவி திறக்கலாம், எது கூடாது, பதிவு செய்யலாமா என்பதை அவரே தீர்மானிப்பார். சில கருவிகள் பூட்டைத் திறக்க இணைய இணைப்பையே கேட்டன!

ஒளிபரப்பாளர் சங்கம் 2025 பிப்ரவரியில் மனுக் கொடுத்தது. பெரிய சந்தைகள் 55இலும் 2028 பிப்ரவரியோடு, மற்ற ஊர்களில் 2030 பிப்ரவரியோடு பழைய முறை நிற்கட்டும் என்பது கோரிக்கை. ஆணையமோ 2025 அக்டோபரில், எப்போது நிறுத்துவதென்பதை நிலையங்களே முடிவு செய்யலாம் என்று முன்மொழிந்து, பூட்டைப்பற்றியும் மக்கள் கருத்தைக் கேட்டது. இந்த முறை 40 டாலர் சீட்டு யார் தருவார்?

புயல் வரும் கரையோர ஊர்களிலே கேபிள் அறுந்து, இணையம் செத்து, செல்பேசிக் கோபுரமும் சாய்ந்தபிறகு, மின்கலத்திலே ஓடும் சிறு பெட்டியும் ஒரு சாண் கம்பியுந்தான் எச்சரிக்கைச் செய்தி சொல்லும். அந்த இரவிலே பெட்டி, "இணையத்தைக் கொடு, பூட்டைத் திறக்கிறேன்" என்று கேட்டால் அந்த வீட்டுக்காரன் என்ன செய்வான்?