என் முகத்தில் என்ன குறை, மேடம்?

குழந்தை பார்க்கும் வேலை இருக்கிறதா என்று கேட்டால், ஏஜென்சியில் முதலில் கேட்பது என் போட்டோவை. குழந்தைக்கு நடுராத்திரியில் காய்ச்சல் ஏறினால் என்ன செய்வேன், தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொண்டால் எப்படி எடுப்பேன் என்று இதுவரை ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. "பார்க்க எப்படி இருப்பாங்க? கொஞ்சம் கலரா, நீட்டா இருந்தா அனுப்புங்க." போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் இந்த நிறத்துக்காக அழுது தீர்த்தவள் நான். பேரன் எடுத்த பிறகு, சோற்றுக்காகவும் அதே அழுகையை அழச் சொல்கிறீர்களா?

சுத்தம் கேளுங்கள், மேடம். கட்டாயம் கேளுங்கள். கண்ணாடி வளையல் பிஞ்சுத் தொடையைக் கீறும். முந்தானை ஊக்கு கழன்றால் ஆபத்து. ஸ்டிக்கர் பொட்டு உதிர்ந்தால் நேரே பிள்ளையின் வாய்க்குத்தான் போகும். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கால் வைத்த அன்றே எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன். நகத்தை ஒட்ட வெட்டி, தலையை இறுக்கிக் கொண்டை போட்டு, கை கால் கழுவி, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் பிள்ளையைத் தொடுவேன். நீங்கள் கேட்டது இதையா?

தேங்காய் எண்ணெய் வாடை ஹாலில் அடிக்கிறது என்றீர்கள், எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன். ரவிக்கை வெளுத்துப்போயிருந்தது, வீட்டுக்கு மானக்கேடு என்றீர்கள். சரி என்று தீபாவளிக்கு எடுத்த சேலையைப் பிறந்தநாள் விழாவுக்குக் கட்டிக்கொண்டு வந்தேன். உங்கள் விருந்தாளி ஒருவர் என்னைக் குழந்தையின் பெரியம்மா என்று நினைத்துக் கைகூப்பிவிட்டார். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். அன்று ராத்திரியே, "இனிமே ஃபங்ஷன்னா யூனிஃபார்ம் போட்டுக்கோங்க ஆயாம்மா" என்றீர்கள். கருநீலப் பாலியெஸ்டர், இரண்டு செட், பணம் என் சம்பளத்தில் பிடித்தம். சென்னையின் வைகாசி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இடுப்பில் பிள்ளையோடு நின்றால் முதுகெல்லாம் வேர்க்குரு. அடுத்த விழாவில் போட்டோகிராபர், "ஆயா, கொஞ்சம் ஃபிரேமை விட்டுத் தள்ளுங்க" என்றார். குழந்தை என் தோளை விடாமல் கத்தியது. விரல் விரலாகப் பிரித்து எடுத்தீர்கள்.

அழுக்காகவும் இருக்கக் கூடாது, அழகாகவும் இருக்கக் கூடாது என்றால் நான் எப்படித்தான் இருப்பது?

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அன்றைய திருவிதாங்கூரில் எங்கள் மண்ணின் நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகத் தலைமுறை கடந்து அடிபட்டு, துணி கிழிபட்டுப் போராடினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று படித்திருப்பீர்கள். 1859 ஜூலையில் மகாராஜா அறிவிப்பு விட்டார்: குப்பாயம் என்ற மேல்சட்டை போடலாம், துணி போர்த்தலாம், எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. உடுத்தினால் யார் எவர் என்று எப்படித் தெரியும் என்பதுதான் அவர்கள் கவலை. உங்கள் கவலை அதிலிருந்து எந்த விதத்தில் வேறு? நீங்கள் படித்தவர், அன்பாகத்தான் பேசுகிறீர்கள், பழைய புடவை கொடுப்பீர்கள். ஆனால் நானும் நீங்களும் ஒரே வரிசையில் நின்றால் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

2017 ஜூனில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்ததைப் பேப்பரில் படித்தேன். மேகாலயாவின் காசி இனத்துப் பெண் ஒருவர், குழந்தையைப் பார்த்துக்கொள்பவர், தன் முதலாளியம்மாவோடு முறையாக அழைக்கப்பட்டு விருந்துக்குப் போயிருந்தார். உடுத்தியிருந்தது அவர்கள் ஊர் ஜைன்செம். வேலைக்காரி மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுப்பியிருக்கிறார்கள். அவர் கந்தல் உடுத்திப் போகவில்லை, மேடம். தன் இனம் விசேஷத்துக்கு உடுத்தும் உடையில் போயிருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்து என் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவருடைய முதலாளியம்மா கூடவே நின்று நடந்ததை ஊரறியச் சொன்னார். எனக்காக அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் எங்களுக்கு 2007இல் நலவாரியம் வந்தது. 2011இல் ஜெனீவாவில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கென்றே 189ஆம் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை நிறைவேறியது. இந்தியா ஆதரவாக வாக்களித்தது, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. செய்திருந்தாலும் உங்கள் ஹாலுக்குள் எந்த அதிகாரி வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்? அங்கே சட்டம் நீங்கள் சொல்வதுதான்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை ஒரு நாளாவது என் நிறத்தைப் பார்த்து முகம் சுளித்ததா? பல் முளைத்தபோது என் தோளைத்தான் கடித்தது. தூக்கத்தில் என் முந்தானையைத்தான் சுருட்டிப் பிடித்தது. குழந்தைக்குப் போதுமாக இருக்கிற நான் உங்கள் விருந்தாளிகளுக்கு ஏன் போதவில்லை? அவர்களுக்காகத்தான் யூனிஃபார்ம் என்றால் அதை முதல் நாளே சொல்லுங்கள், துணிக்கு நீங்களே பணம் கொடுங்கள், பருத்தியில் எடுங்கள். சம்பளம் கொடுப்பதால் என் தோலையும் மூக்கையும் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை வந்துவிடாது.

திங்கட்கிழமை இன்னொரு வீட்டில் வரச் சொல்லியிருக்கிறார்கள். போட்டோ அனுப்ப மாட்டேன் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டேன். நேரில் பார்க்கட்டும், பிள்ளையை என் கையில் கொடுத்துப் பார்க்கட்டும். கலரைப் பற்றி ஒரு வார்த்தை வந்தால் எழுந்து வந்துவிடுவேன், இந்த மாத வாடகைக்கு வழி இல்லாவிட்டாலும்.