விசிறிக்காகப் பெட்டியையே எறிவதா?

மேசைக் கணினியின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி இரைந்தால், பெரும்பாலும் குறை அதன் விசிறியில்தான். தூசு அடைந்திருக்கும், அல்லது தாங்கியில் மசகு வற்றியிருக்கும். மின்சுற்றோ நலமாகவே இருக்கும். ஆயினும் "பெட்டியையே மாற்றுங்கள்" என்பதே வழக்கமான தீர்ப்பு. பெங்களூரு எஸ்.பி. சாலைக் கடைகளில் 12 வோல்ட், 120 மில்லிமீட்டர் விசிறி தனியாகவே கிடைக்கிறது.

திறந்தால் ஆபத்து என்பர். மெய்தான்; மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் உள்ளிருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அது பயிற்சி பெற்ற கையைக் கோருவதற்கான காரணமேயன்றி, பழுதுநீக்கவே கூடாதென்பதற்கான நியாயமன்று. அப்படியிருக்க, பல பெட்டிகளில் விசிறியின் கம்பியைச் செருகியாக அமைக்காமல் பலகையோடு பற்றவைப்பது யாருடைய பாதுகாப்புக்கு? செருகியாயின், அந்த மின்தேக்கியருகே கை உழலும் நேரமேனும் குறையுமே!

2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கான சட்டகத்தை வகுக்க ஒன்றிய அரசு குழு அமைத்தது. அவ்வாண்டே மின்னணுக் கழிவு விதிகளும் புதிதாக வந்தன. கழிவைச் சேர்ப்பதைப் பற்றிப் பேசுவோர், பொருள் கழிவாகாமல் காக்கும் தெருக்கடைத் தொழிலாளியை மறக்கலாகாது. விசிறி கழற்றி மாட்டத்தக்கதாக அமையட்டும்; பழுதுநீக்கும் கையேடு வெளிவரட்டும். அதுவரை அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே.