உடம்பை இளைக்க வைக்கும் ஆபரேஷனா? கத்தி வைக்கும் முன் கேளுங்க!

காட்டுமன்னார்கோயில்:-

"இரைப்பையை வெட்டினா உடம்பு இளைச்சிடுமாமே, செய்துக்கலாமா?" என்று கேட்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். தேவைப்பட்டவர் செய்துகொள்ளலாம். ஆனால் அவசரம் ஆபத்து!

2024 ஏப்ரலில் நடந்தது இது. புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது வாலிபர். எடை சுமார் 150 கிலோ. சென்னை பம்மலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் படுத்தார். ஆபரேஷன் நடக்கும்போதே நிலைமை மோசமானது. வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் இறந்துபோனார். அரசு விசாரணை நடத்தியது. பம்மல் ஆஸ்பத்திரியின் பதிவு தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது.

யாருக்கு?

தொப்பையைக் குறைக்க அல்ல இந்த ஆபரேஷன். 165 செ.மீ. உயரம் உள்ளவர் 95 கிலோவைத் தாண்டினால் டாக்டர்கள் இதை யோசிக்கிறார்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதற்குக் குறைந்த எடையிலும் யோசிக்கிறார்கள்.

முன்னால் என்ன?

இதயம், சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு அடைப்பு, எல்லாம் பார்க்க வேண்டும். பீடி, சிகரெட்டை விட வேண்டும். 2 வாரம் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வார்கள். காரணம், கொழுத்த ஈரல் இரைப்பையை மறைத்துக்கொள்ளும். அது சுருங்கினால்தான் டாக்டருக்கு வழி கிடைக்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கா? ராத்திரி டாக்டர் இருப்பாரா? பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீடு வந்த பிறகு?

இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டுத் தையல் போடுவதே பரவலாக நடக்கும் முறை. அந்தத் தையல் கசியலாம். நெஞ்சு படபடப்பு, காய்ச்சல், வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் 'வாயு'ன்னு சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். இங்கிருந்து சிதம்பரம் சுமார் 25 கிலோ மீட்டர். அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். ஆபரேஷன் செய்த டாக்டரின் சீட்டையும் எடுத்துப் போங்கள். நடுராத்திரி வண்டிக்கு யார் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

முதல் 2 வாரம் நீராகாரம்தான். பிறகு மசித்த சாப்பாடு. முட்டை, பருப்பு முக்கியம். வைட்டமின் மாத்திரை ஆயுள் முழுக்க. நிறுத்தினால் ரத்தசோகை வரும், நரம்பும் கெடும்.

கத்தி வேலை ஓரிரு மணி நேரம். கவனிப்பு வாழ்நாள் முழுக்க. அதற்குத் தயார் என்றால் மட்டும் படுங்கள்!